கட்டில் எடுத்த வாட்டில்: ஒரு காசநோய் ஆஸ்பத்திரி ஆய்வுகூடமான வரலாறு

பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒண்டை என்ன செய்யலாம்? எங்கட பக்கத்தில இந்தக் கேள்விக்கு வழக்கமா வாற பதில், இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுவம் எண்டதுதான். புதுக்கட்டடம் எண்டால் திறப்பு விழா இருக்கும், பெயர் பொறிச்ச கல் இருக்கும், நாடா வெட்ட ஆள் வரும். பழையதைத் திருத்தினால் கல்லில் யாருடைய பெயரைப் போடுறது எண்டே தெரியாது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வில் மிக முக்கியமான இடங்களில் ஒன்று, திருத்தி எடுக்கப்பட்ட ஒரு பழைய காசநோய் ஆஸ்பத்திரி. லண்டனின் வடக்கே ஹாம்ப்ஸ்டெட் என்ற மேட்டில் அது இருந்தது. அங்கிருந்து புறப்பட்டால் மதராஸ், மானிப்பாய், கைதடி வழியாக எங்கட வன்னிக்கு வந்து சேரலாம். லண்டன் கட்டடத்தோட புளியங்குளத்தாருக்கு என்ன அலுவல் எண்டு கேட்பீங்கள். அலுவல் இருக்கு. கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

மேட்டில் ஓர் ஆஸ்பத்திரி

1880களின் தொடக்கத்தில், வட லண்டன் காசநோய் ஆஸ்பத்திரிக்காக ஹாம்ப்ஸ்டெட்டில் 'மவுண்ட் வேர்னன்' என்ற இடத்தில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. காசநோய்க்கு அப்போது மருந்தே இல்லை. நோயை உண்டாக்கும் கிருமியை ரொபேர்ட் கோக் உலகுக்கு அறிவித்ததே 1882 மார்ச்சில்தான். மருத்துவர்கள் கொடுக்கக்கூடியவை மூன்றுதான்: நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு. லண்டன் நகரமோ நிலக்கரிப் புகையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. அதனால்தான் மேட்டு நிலத்தைத் தேடிப் போனார்கள். உயர்ந்த கூரை, பெரிய பெரிய யன்னல், நீண்ட வாட்டு. வெளிக்காற்று உள்ளே வந்து நோயாளியைத் தடவிக்கொண்டு மறுபக்கத்தால் போகவேண்டும். கட்டடமே ஒரு மருந்து மாதிரி வடிவமைக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் நல்ல காற்றைத் தேடி அந்த ஆஸ்பத்திரி நகருக்கு வெளியே நோர்த்வூட் பக்கம் இடம்பெயர்ந்தது. மேட்டில் இருந்த கட்டடம் வெறுமையானது.

அதே காலத்தில் பிரித்தானியாவில் ஒரு சட்டம் வந்தது. லோயிட் ஜோர்ஜ் கொண்டுவந்த 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம். தொழிலாளி வாரத்துக்கு நாலு பென்ஸ் கட்டவேண்டும், முதலாளி மூன்று, அரசாங்கம் இரண்டு. நோய் வந்தால் தொழிலாளிக்கு வைத்தியமும் உதவிப்பணமும் கிடைக்கும். காசநோய் என்றால் சானட்டோரியத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்தச் சட்டத்துக்குள் ஒரு சின்ன வரி ஒளிந்திருந்தது. காப்புறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு ஆளின் கணக்கிலும் வருடத்துக்கு ஒரு பென்னியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாம் என்றது அது.

ஒரு பென்னி ஒன்றுமில்லைதான். ஆனால் கோடிக்கு மேற்பட்ட ஆட்களின் பென்னிகள் சேர்ந்தபோது வருடத்துக்கு ஐம்பதாயிரம் பவுணுக்கும் மேல் வந்தது. இந்தக் காசைக் கையாள 1913 இல் மருத்துவ ஆராய்ச்சிக் குழு உருவானது. 1920 இல் அதுவே மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆனது. தனக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் வைக்க இடம் தேடிய குழு, 1914 இல் அந்த வெறுங் கட்டடத்தை வாங்கியது.

வாங்கிய கையோடு முதல் உலகப்போர் வந்துவிட்டது. ஆய்வுகூடம் தள்ளிப்போனது. வாட்டுகளில் திரும்பவும் கட்டில்கள் போடப்பட்டு, படையினர் கொண்டுவரப்பட்டார்கள். 'படைவீரர் இருதயம்' என்று அப்போது சொல்லப்பட்ட ஒரு நோயோடு வந்தவர்கள் அவர்கள். நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், நடக்க ஏலாது. தோமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் அங்கே இவர்களைக் கவனமாக ஆராய்ந்தார். பெரும்பாலானவர்களின் இருதயத்தில் உண்மையில் நோய் இல்லை என்றும், படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் உடற்பயிற்சியால் பலர் தேறுவார்கள் என்றும் கண்டார். அதுவரை இவர்களைப் படுக்கையில் வைத்திருப்பதுதான் வைத்தியமாக இருந்தது. ஆக, வாட்டும் ஆய்வும் முதலில் சந்தித்தது குழாய்களும் கண்ணாடிக் குடுவைகளும் வர முன்னமே. கட்டில் பக்கத்தில் நின்று ஒரு மருத்துவர் கேட்ட கேள்வியில்தான்.

யன்னலைத் திறக்கிறதா, பூட்டுறதா

1920 இல் கட்டடம் முழுமையாக ஆய்வுக்குத் திரும்பியது. ஹென்றி டேல் என்ற உடற்றொழிலியலாளர் அங்கே வந்து சேர்ந்து பிறகு நிறுவனத்தின் பணிப்பாளரானார். நரம்புகள் இரசாயனப் பொருட்கள் மூலம் செய்தி கடத்துவதைக் காட்டியதற்காக 1936 இல் அவருக்கும் ஒட்டோ லோவிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1930களின் தொடக்கத்தில் விற்றமின் டியைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார்கள். 1933 இல் வில்சன் ஸ்மித், கிறிஸ்தோபர் அன்ட்றூஸ், பற்றிக் லெயிட்லோ ஆகிய மூவரும் மனித இன்புளுவென்சாவை உண்டாக்கும் வைரசைப் பிரித்தார்கள். கீரியைப் போன்ற 'ஃபெரட்' என்ற விலங்குக்கு அந்த நோயைத் தொற்றவைத்துப் பார்த்தபோது, அதில் ஒன்று ஸ்மித்தின் முகத்தில் தும்மியது. அவருக்குக் காய்ச்சல் வந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸ் வகை அவருடைய பெயரின் முதலெழுத்துகளாலேயே இன்றும் அழைக்கப்படுகிறது.

இன்னொன்று எங்கட வீடுகளுக்குள்ளேயே இருக்கு. இன்சுலின் போடுகிற அம்மம்மாவுக்கு 'பத்து யூனிட்' எண்டு கிளினிக்கில எழுதிக் குடுக்கிறார்களே, அந்த யூனிட் எல்லா நாட்டிலும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மூல மாதிரி வேண்டும். இன்சுலினுக்கான முதல் சர்வதேச நியமம் 1925 இல் உருவானது. அதில் முன்னின்றவர் டேல். அந்த மாதிரி பாதுகாத்து வைக்கப்பட்டது ஹாம்ப்ஸ்டெட்டில்தான்.

சரி, ஒரு வாட்டு எப்படி ஆய்வுகூடமாகும்? கட்டிலை எடுத்துவிட்டு மேசையைப் போட்டால் சரியா? கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் விளங்கும்.

காசநோய் வாட்டில் காற்று தாராளமாக உள்ளே வந்து தாராளமாக வெளியே போகவேண்டும். கிருமியை வளர்த்து ஆராயும் நவீன ஆய்வுகூடத்தில் நேர்மாறு. யன்னல் பூட்டியிருக்கவேண்டும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் கதவைத் திறக்கும்போது காற்று உள்நோக்கிப் போகும், கிருமி வெளியில் வராது. வெளியேறும் காற்றை நுண்ணிய வடிகட்டிகளுக்கு ஊடாக அனுப்பவேண்டும். நோயாளியிடமிருந்து கிருமியை விரட்டுவதற்கு ஒரு காற்றோட்டம், கிருமியை அறைக்குள் பிடித்து வைப்பதற்கு இன்னொரு காற்றோட்டம். அதே சுவர், அதே கூரை, எதிர்த் திசைக் காற்று.

ஆனால் பழைய வாட்டிடம் சில கொடைகள் இருக்கு. உயர்ந்த கூரை இருப்பதால் காற்றுக் குழாய்களையும் வயர்களையும் மேலே கொண்டுபோகலாம். நீண்ட திறந்த மண்டபம் என்பதால் விரும்பியபடி தடுத்துக்கொள்ளலாம். தடித்த சுவர் வெக்கையைக் குறைக்கும். சிக்கல்களும் இருக்கு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு மேலே சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவர் உரியும். ஆய்வுகூடத்துக்கோ கழுவித் துடைக்கக்கூடிய, வெடிப்பில்லாத சுவர் வேணும். பாரமான ஆழ்குளிரூட்டிகளை மேல்மாடி தாங்குமா, பக்கத்து வீதியில் லொறி போகிற அதிர்வில் நுண்ணோக்கி ஆடுமா, அமிலக் கழிவு பழைய வடிகாலில் போகலாமா என்றெல்லாம் பார்க்கவேணும். மாதிரிகளை மறை 80 பாகையில் வைத்திருக்கிற பெட்டிக்குக் கரண்ட் நிற்கவே கூடாது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கிற எங்களுக்கு, இது எவ்வளவு பெரிய நிபந்தனை எண்டு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆக, திருத்துவது இடிப்பதைவிட லேசான வேலை என்று நான் சொல்லவில்லை. சில வேளை கடினம். ஆனால் ஹாம்ப்ஸ்டெட்டில் கட்டடத்துக்கு முன்னாலேயே வேறொன்று தயாராக இருந்தது. ஒவ்வொரு வருடமும் வந்து சேரும் என்று உறுதியான அந்த ஒரு பென்னி.

பென்னி மதராசுக்குப் போனது

1948 இல் அதே மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஒரு முக்கியமான ஆய்வின் முடிவை வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து காசநோய்க்கு உண்மையிலேயே வேலை செய்கிறதா? 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவதில் 14 பேரும் இறந்தார்கள். ஒரு மருந்தை இப்படித்தான் சோதிக்கவேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்ட ஆய்வுகளில் இது ஒன்று.

மருந்து வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் நோயாளிகளின் தொகையோடு பார்த்தால் சானட்டோரியக் கட்டில்கள் மிகச் சொற்பம். கட்டில் கிடைக்காதவர் என்ன செய்வது? இந்தக் கேள்வியோடு 1956 இல் மதராசில் காசநோய் இரசாயன சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை, மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் அதில் கைகோர்த்தன. ஒரு பகுதி நோயாளிகளுக்குச் சானட்டோரியத்தில் சிகிச்சை. மறுபகுதிக்கு அதே மருந்து, ஆனால் வீட்டில். வீடு என்றால் வசதியான வீடு இல்லை. நகரத்தின் நெருக்கமான, ஏழைக் குடும்பங்களின் வீடுகள். சாப்பாடும் சானட்டோரியத்தைவிடக் குறைவு, ஓய்வும் குறைவு.

1959 இல் முடிவு வந்தது. இரு பகுதியினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் மேலதிக ஆபத்து வந்ததாகவும் தெரியவில்லை. நல்ல காற்று, ஓய்வு, போசாக்கு என்று சொல்லிச் சொல்லி மேடுகளில் கட்டிய ஆஸ்பத்திரிகளின் அடிப்படையே ஆட்டம் கண்டது. மருந்தை ஒழுங்காகக் குடித்தால் போதும், ஏழை நோயாளி குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் கிடக்கத் தேவையில்லை.

இதை யோசித்துப் பாருங்கோ. காசநோயாளிகளின் பெயரால் ஒதுக்கிய காசில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி ஆய்வு நிறுவனமானது. அதே காசில் வளர்ந்த சபை பங்கெடுத்த ஆய்வு, காசநோய் ஆஸ்பத்திரிகளே பெரும்பாலும் தேவையில்லை என்று நிறுவியது. அதன் பிறகு உலகம் முழுக்கச் சானட்டோரியங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. சில இடிந்தன, சில வேறு வேலைக்கு மாறின. 1928 இல் மருத்துவர் சவுரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானட்டோரியம் அரசு நெஞ்சுநோய் மருத்துவமனையாகி, 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இந்தியாவிலேயே மிகப்பெரிய சிகிச்சை இடங்களில் ஒன்றானது. மதராஸ் மையம் இன்று சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

ஹாம்ப்ஸ்டெட் கட்டடத்துக்கு என்ன நடந்தது? 1950 இல் ஆய்வு நிறுவனம் மில் ஹில்லில் கட்டிய பெரிய கட்டடத்துக்குப் போனது. பழைய கட்டடம் இன்று வசதியானவர்கள் வாழும் தொடர்மாடி வீடு. மில் ஹில் கட்டடமும் பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. கட்டடங்கள் போய்விட்டன. கேள்வி கேட்கிற வேலை மட்டும் வேறு கூரைக்குக் கீழ் தொடருது.

மானிப்பாயும் கைதடியும்

இனி எங்கட பக்கம். 1847 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 இல் மானிப்பாயில் வைத்தியத்தையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். பிறகு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 'கெமிஸ்தம்' 1875 இல் வந்தது. அப்போது அவர் இலங்கையை விட்டுப் போய் இரண்டு வருடம். ஆஸ்பத்திரியும் பாடசாலையும் மொழிபெயர்ப்பு மேசையும் ஒரே வளவுக்குள் இருந்த காலம் அது. ஆனால் அவர் போன பின் தமிழில் மருத்துவம் படிப்பிக்கிற முயற்சி நீடிக்கவில்லை. ஆஸ்பத்திரி நின்றது, கேள்வி கேட்கிற பழக்கம் நிற்கவில்லை. ஹாம்ப்ஸ்டெட்டுக்கு இருந்த பென்னி மானிப்பாய்க்கு இருக்கவில்லை. ஓர் ஆளின் உழைப்பில் நின்றது அந்த ஆளோடு போனது.

நூறு வருடம் கழித்து இன்னொரு தொடக்கம். 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ஆரம்பித்தபோது அதற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. கைதடியில் இருந்த ஆயுர்வேத ஆஸ்பத்திரிக் கட்டடத்தில்தான் அது தொடங்கியது. வன்னியிலிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகிற ஒவ்வொரு பஸ்சும் கைதடிச் சந்தியைக் கடந்துதான் போகிறது. பாட்டு, நித்திரை, போன் எண்டு அந்த இடத்தைத் தாண்டிப் போறம். எங்கட மருத்துவ பீடம் பிறந்தது ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை வேறு தேவைக்கு மாற்றியதால்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பீடம் பிறகு திருநெல்வேலிப் பக்கம் வந்து, போரையும் இடப்பெயர்வையும் கண்டு, பொருளாதாரத் தடைக்குள்ளும் மாணவர்களைப் படிப்பித்தது. 2020 ஏப்ரலில் கொரோனாப் பயத்தில் நாடே பூட்டிக் கிடந்தபோது, வடக்கின் பி.சி.ஆர். பரிசோதனைகள் அதன் ஆய்வுகூடத்தில் தொடங்கின. அதற்கு முன்னர் மாதிரிகளைத் தெற்கே அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கவேண்டும். 1978 இல் 'சொந்தக் கட்டடம் வரட்டும், பிறகு பார்ப்பம்' என்று இருந்திருந்தால் 2020 இல் அந்த ஆய்வுகூடம் எங்கே இருந்திருக்கும்?

வன்னியில் கேட்கவேண்டியது

வன்னியில் கட்டடங்கள் மாறிய வரலாறு வேறு. 1997 இல் ஜயசிக்குறு சண்டையில் புளியங்குளம் சந்தி தரைமட்டமானது. 2009 இல் ஆஸ்பத்திரிகள் ஷெல்லுக்குள் அகப்பட்டு இடம் மாறி இடம் மாறி, கடைசியில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பாடசாலைக் கட்டடங்கள் ஆஸ்பத்திரியாகின. வாங்கும் மேசையும் அடுக்கிய வகுப்பறையில் காயக்காரரைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரியை ஆய்வுகூடமாக்குவது பற்றிப் பேசுகிற வசதி அப்போது யாருக்கும் இருக்கவில்லை. அதனாலேயே இப்ப பேசவேணும் எண்டு நினைக்கிறன்.

ஏனெண்டால் எங்கட மண்ணுக்கெண்டு கேள்விகள் இருக்கு. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், வவுனியா மாவட்ட விவசாயிகளையும் விடவில்லை. தண்ணீரின் கடினமும் புளோரைட்டும் காரணமா, வயல் மருந்தா, வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை செய்வதா, எல்லாம் சேர்ந்தா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். இந்த நோயோடு கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிறவர் இங்கே இருக்கிறார். அவருடைய இரத்தமும் தண்ணி மாதிரியும் பெரும்பாலும் வேற ஊருக்குப் போகுது. அவர் எந்த வேலை செய்தார், எந்தக் கிணறு, எந்த வருடம் எந்த மருந்து அடித்தார் என்று அவருடைய மொழியில் பக்கத்தில் இருந்து கேட்கிற ஆள் குறைவு. தோமஸ் லூயிஸ் கட்டில் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வி மாதிரி ஒரு கேள்வி இங்கேதான் பிறக்கவேணும்.

இதுக்கு ஹாம்ப்ஸ்டெட் அளவுக்கு ஒரு கட்டடம் உடனே தேவையில்லை. அதற்கான சாட்சியும் எங்கட ஊரிலேயே இருக்கு. வன்னி எண்டால் மலேரியா எண்டு இருந்த காலம் ஒண்டு. கிராமத்து ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை, ஒரு நுண்ணோக்கி, விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஊழியர். போர்க்காலத்திலும் இந்த வேலை முற்றாக நிற்கவில்லை. 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அந்தச் சின்ன அறைகளும் ஆய்வுகூடங்கள்தான். யாரும் நாடா வெட்டித் திறக்காத ஆய்வுகூடங்கள்.

அடுத்த முறை எங்கட பக்கத்தில் பழைய வாட்டு ஒன்று இடிபடப் போகுது எண்டு கேள்விப்பட்டால், அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்குப் போற ஆக்களிடம் கேளுங்கோ: சுவர் தாங்குமா என்று ஒரு பொறியியலாளர் பார்த்தாரா? பல்கலைக்கழகத்திடம் இந்த இடம் வேணுமா என்று கேட்டாங்களா? ஒவ்வொரு வருடமும் வரும் என்று உறுதியான ஒரு சின்னத் தொகையை ஒதுக்க வழி இருக்கா? மூன்றாவது கேள்வியை விட்டிடாதேங்கோ. கட்டடத்தை எப்பவும் யாராவது தருவினம். பென்னியைத்தான் கேட்டு வாங்கவேணும்.